பெரியாயி கரைத்த கடல்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் அன்னதானமோ எது நடந்தாலும், சாம்பார் கொதி வந்ததும் ஒரு ஆள் பெரியாயி குடியிருக்கிற வரிசை வீட்டு லயத்துக்கு ஓடும். சமைக்கக் கூப்பிட அல்ல. சமைக்க வேறு கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பெரியாயியின் சமையல் சுமார்தான், அதை அவள் பெற்ற மகனே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். அவளைக் கூப்பிடுவது உப்புப் பார்க்க. அவள் வருவாள், முந்தானையில் கையைத் துடைப்பாள், அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். அண்டாவைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் நிற்பார்கள். "இன்னும் ஒரு கை போடு" என்பாள். போட்டுக் கலக்கியதும் மறுபடி நக்குவாள். "சரியா இருக்கு." அந்த வார்த்தை விழுந்த பிறகுதான் இலை போடுவார்கள். கோயில் தலைவர் மாடசாமி யார் பேச்சையும் கேட்காத மனிதர். அவர்கூட அதற்குக் காத்திருப்பார்.

பெரியாயிக்கும் உப்புக்கும் உள்ள உறவு சமையலோடு முடிவதில்லை. சின்ன வயதிலேயே கொழுந்து பறிக்கப் போனவள் அவள். மழைக்காலத்தில் மலையேறுகிறவள் இடுப்பில் ஒரு துணி முடிச்சு வைத்திருப்பாள். அதற்குள் கல்லுப்பு. காலில் ஏறுகிற அட்டைக்கு அதுதான் மருந்து. முடிச்சை நனைத்து ஒரு தட்டு தட்டினால் அட்டை சுருண்டு விழும். வேலை முடிந்து வந்தால் லயத்துக்குப் பின்னால் அவளுடைய காய்கறித் துண்டு இருக்கிறது. நாலு பாத்தி முட்டைக்கோவா, ஒரு பாத்தி போஞ்சி. அங்கே எதிரி நத்தை. ராத்திரியோடு ராத்திரியாக வந்து கோவாக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். அதற்கென்றே அடுப்படியில் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையக் கல்லுப்பு வைத்திருந்தாள். விடியற்காலையில் போத்தலும் கையுமாகப் பாத்திக்குள் இறங்குவாள். ஒரு நத்தைக்கு ஒரு சிட்டிகை. நுரை தள்ளிக்கொண்டு சுருங்கிப்போவதைப் பார்த்துவிட்டு, "என் கோவா கேக்குதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவாள். இதில் அவளுக்கு இரக்கமெல்லாம் கிடையாது.

வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகன் நிமலன் பால்பல் விழாத பிள்ளை. அவனை ஒற்றை ஆளாக வளர்த்தாள். பதுளையில் படிக்க வைத்தாள். படித்து முடித்தவன் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை என்று இறங்கிப் போனான். முதல் வருடம் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னான். நம்பினாள். இரண்டாம் வருடம், கடலுக்கு அடியில் போவதாகச் சொன்னான். வெள்ளைக்காரர்களைச் சுழியோடக் கூட்டிப்போகிற ஒரு கடையில் சேர்ந்துவிட்டானாம், முதுகில் காற்றுப் போத்தலைக் கட்டிக்கொண்டு இறங்குகிறானாம், அங்கே பாறைகள் இருக்கின்றனவாம்.

"தண்ணிக்கு அடியில என்னடா வேலை? அங்க எவன் பாத்திரம் வச்சிருக்கான்?" என்றாள்.

படம் அனுப்பினான். ஸ்டூடியோவில் எடுத்தது என்றாள். வீடியோ அனுப்பினான். கண்ணாடி போட்டுக் குழாயைக் கடித்துக்கொண்டிருக்கிற அது நீதான் என்று யார் கண்டது என்றாள். உண்மையைச் சொன்னால், நம்பாமல் இருப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. கடலை அவள் நேரில் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை, அந்தப் பெரிய அலை வந்த வருடம், பக்கத்து வீட்டு டீவியில் பார்த்தாள். பார்த்தது போதும் என்று எழுந்து வந்துவிட்டாள். மகன் அதற்குள் தினமும் இறங்குகிறான் என்று நம்பினால் அவளால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. ஆகவே பாத்திரம்தான் கழுவுகிறான் என்று வைத்துக்கொண்டாள். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று மாரியம்மனிடம் ஒரு வேண்டுதல் போட்டு வைத்தாள்: பிள்ளை கடலை விட்டுவிட்டு மலைக்கே வந்துவிட்டால் பால்குடம் எடுக்கிறேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் அவனுக்கு ஒரு இடமும் பேசி வைத்துவிட்டாள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு நிமலன் வந்தான். தோளில் பை, இரண்டு கையிலும் இரண்டு வாயகன்ற நீலக் கான்.

"என்னடா இது, மண்ணெண்ணெயா?"

"கடலும்மா. கடலக் கொண்டாந்திருக்கேன்."

அடுப்படியில் துணி துவைக்கிற பெரிய பேசினை வைத்து ஒரு கானிலிருந்து தண்ணீரை ஊற்றினான். பைக்குள்ளிருந்து பாசி பிடித்த ஒரு கல்லை எடுத்து உள்ளே வைத்தான். பிறகு ஈரச் சாக்கில் சுற்றியிருந்த ஒரு டப்பாவைத் திறந்து, அதிலிருந்த தண்ணீரோடு ஒன்றை எடுத்தான். எலுமிச்சையைவிடப் பெரியது. பச்சையும் பழுப்புமாகச் சுருண்டு ஏறிய ஓடு. வாய்ப்பக்கம் சட்டைப் பொத்தான் கணக்காக வட்டமாக, தடியாக, ஒரு வெள்ளைக் கதவு. இறுக்கி மூடியிருந்தது.

"நத்தை" என்றாள் பெரியாயி. அவள் கை தன்னையறியாமல் ஹோர்லிக்ஸ் போத்தல் இருந்த பக்கம் போனது.

"கடல் நத்தைம்மா. பாறையில இருக்கும். ஆடு மாதிரி பாசிய மேயும். கொஞ்சம் இருங்க, இப்ப கதவத் தொறக்கும் பாருங்க."

மின்கலத்தில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டாரின் குழாயைத் தண்ணீருக்குள் விட்டான். குமிழி வந்தது. அதற்குள் லயமே அடுப்படி வாசலில் கூடிவிட்டது. அடுத்த வீட்டு யசோதினி, கொழுந்துக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு முன்னால் வந்து நின்றாள். தலைவர் மாடசாமி எட்டிப் பார்த்தார்.

"பாசிக்குடாவிலிருந்து பஸ்லயா வந்துச்சு? அதுக்கு டிக்கட் எடுத்தியா?"

யாரோ சிரிக்கும்போதே வெள்ளைக் கதவு ஒரு நூல் விலகியது. "தொறக்குது! தொறக்குது!" என்று யசோதினி குழந்தைகளைவிடச் சத்தமாகக் கத்தினாள். கதவு மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது, பாதம் வெளியே வந்தது, இரண்டு மெல்லிய கொம்புகள் நீண்டன. அது கல்லைப் பற்றிக்கொண்டு ஏறியது. ஏறியபடியே மேயத் தொடங்கியது. வாயை வைத்த இடத்தில் பாசி போய்க் கல் வெளுத்துத் தெரிந்தது. குழந்தைகள் கை தட்டினார்கள். மாடசாமிகூட "அட, அட" என்றார்.

பெரியாயி மட்டும் கை தட்டவில்லை. படத்தை ஸ்டூடியோ என்று சொல்லலாம். உயிரோடு மேய்கிறதை என்ன சொல்வது? இவன் இறங்குகிறான். உண்மையாகவே இறங்குகிறான்.

"எங்க ஸரூக் நானாவோட சட்டம் ஒண்ணு இருக்கும்மா" என்று நிமலன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். ஸரூக் அவன் முதலாளி. அந்தப் பக்கத்து முஸ்லிம் மக்கள் அண்ணனை நானா என்பார்கள். "பாறையில இருந்து ஒரு செத்த சிப்பியக்கூட எவனும் எடுக்கப்படாது. எடுத்தா அன்னிக்கே வீட்டுக்குப் போயிரணும். நான் கால்ல விழாத கொறையா கேட்டேன், எங்கம்மா நம்பமாட்டேங்கிறாங்க நானா, ஒரே ஒரு தடவைன்னு. சரி, கொண்டுபோ, ஆனா அதே பாறையில உயிரோட திருப்பி வைக்கணும், செத்துச்சுன்னா நீ வராதன்னுட்டாரு."

மறுநாள் திருவிழாவுக்காகத் தோட்டம் லீவு. காலையிலேயே நிமலன் மோட்டாருக்கு மின்கலம் வாங்கப் பதுளைக்குப் புறப்பட்டான். போகும்போது, "தண்ணியில கை வைக்காதீங்கம்மா. சும்மா பாத்துக்கிட்டிருங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது பெரியாயிக்கு வராத வேலை. இருந்தாலும் பலகையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க, கோவாவைத் தின்னாத நத்தை என்பதாலோ என்னவோ, அதன் மேல் ஒரு இது வந்துவிட்டது. கல்லிலிருந்து அது இறங்கியது. பேசின் சுவரில் ஏறியது. தண்ணீருக்கு மேலே வந்தது. விளிம்பு வரைக்கும் வந்து, கொம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவள் விரலால் மெதுவாக உள்ளே தள்ளினாள். மறுபடியும் ஏறியது. மறுபடியும் தள்ளினாள். மூன்றாந்தரமும் ஏறி விளிம்பில் தொங்கியபோதுதான் விரல் எரிவதை உணர்ந்தாள். கொழுந்து பறித்துப் பறித்து வெடித்த விரல். அந்த வெடிப்பில் தண்ணீர் பட்டுக் காந்தியது. விரலை நாக்கில் வைத்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

உப்பு! அண்டா அண்டாவாக உப்புப் பார்த்தவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பண்டத்திலும் இத்தனை உப்பை அவள் கண்டதில்லை.

கடலில் உப்பு இருக்கும் என்பது பெரியாயிக்குத் தெரியாதா? தெரியும். அதில் மீன் இருக்கும், மீன் தாங்கும், மீனுக்குச் செதில் இருக்கிறது. ஆனால் நத்தை? ஒரு சிட்டிகைக்கே நுரை தள்ளிச் சாகிற சாதி. அதைத்தான் முப்பது வருடமாகத் தன் கையாலேயே பார்த்திருக்கிறாளே! பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி இந்தத் தண்ணீருக்கு ஏதோ ஆகிவிட்டது, மகன் அதைக் கவனிக்கவில்லை, வாயில்லா ஜீவன் உயிரைப் பிடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறது, நான் பாவி மூன்று தரம் அதைத் திருப்பித் தள்ளியிருக்கிறேன். அவள் துள்ளி எழுந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகவேகமாக நடந்தது. நத்தையை எடுத்து முந்தானையில் பத்திரமாகப் போட்டாள். மோட்டாரின் குழாயை எடுத்து வைத்தாள். வழுவழுவென்று இருந்த அந்தக் கல்லையும் தூக்கி முற்றத்தில் வைத்தாள். பேசினை வெளியே இழுத்தாள். வீணாக்குவானேன் என்று ஒரு யோசனை வந்தது. அந்த உப்புத் தண்ணீரைக் கோவாப் பாத்திக்கு வெளியே, நத்தை ஏறி வருகிற வழியெல்லாம் வரி போட்டாற்போல் ஊற்றினாள். ஒரு பக்கத்துக்குப் போதவில்லை. உள்ளே இரண்டாவது கான் இருந்தது ஞாபகம் வந்தது. அதையும் கொண்டுவந்து ஊற்றி முடித்தாள். பேசினை இரண்டு தரம் அலசி, மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற பீலித் தண்ணீரைச் சில்லென்று பிடித்து வந்தாள். நத்தையை அதில் விட்டாள். பாத்தியில் ஒரு கோவாக் குருத்தை, எந்த நத்தைக்கும் கிடைக்காத பிஞ்சுக் குருத்தை, தானே கிள்ளிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடு சாமி" என்றாள்.

நத்தை கதவைப் பட்டென்று மூடிக்கொண்டது. களைத்துப்போய்த் தூங்குகிறது என்று பெரியாயி நினைத்தாள். மனம் நிறைந்துபோய், தேத்தண்ணீருக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

யசோதினி மடுவத்துப் பிள்ளைகளுக்கு மறுபடி காட்டலாம் என்று வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். "பெரியம்மா, காத்துக் கொழாய் எங்க? கல்லு எங்க? இது என்ன, கோவா?"

பெரியாயி நடந்ததைப் பெருமையாகச் சொன்னாள். யசோதினியின் முகம் போன போக்கில் பெருமை பாதியிலேயே நின்றது.

"பெரியம்மா, அது கடல்லதானே இருக்குறது... ஐயோ, வாங்க, வாங்க!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். லயத்தில் போன் எடுக்காது. கோயில் வளைவுக்குப் போனால்தான் சிக்னல் வரும். இரண்டு பேரும் ஏற்றத்தில் ஓடினார்கள், பின்னால் மடுவத்துப் பிள்ளைகளும் ஓடின.

"அண்ணே, பெரியம்மா நத்தைக்கு தண்ணி மாத்திட்டாங்க" என்று யசோதினி மூச்சு வாங்கச் சொன்னாள்.

"என்ன தண்ணி?"

"பீலித் தண்ணி."

போனில் பதுளை பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலுக்கு மேல் நிமலன் கத்தினான். "நல்ல தண்ணியில போட்டா செத்துரும் யசோ! ஒடம்பு ஊதிச் செத்துரும்! திருப்பிக் கடல் தண்ணியில போடு, ஓடு!"

பெரியாயி போனைப் பிடுங்கினாள். "அத ஊத்திட்டேன்டா."

"ரெண்டாவது கான்?"

"அதையும்."

"எங்கம்மா ஊத்துனீங்க?"

"கோவாப் பாத்தியச் சுத்தி. நத்தை வராம இருக்க."

நிமலன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "செத்துருச்சுன்னா நான் அங்க போகவே முடியாதும்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த மனுசன் முன்னால நிப்பேன்?" என்றான். தகப்பன் செத்தபோது அழாமல் நின்ற பிள்ளை. இப்போது குரல் உடைந்து அழுதான்.

பெரியாயிக்கு அந்த வளைவிலிருந்து பார்த்தால் அம்மன் கோயில் கதவு தெரியும். அவள் கேட்டது நடந்துவிட்டது. நத்தை செத்தால் மகன் போகமாட்டான். தொழிற்சாலையில் இடம் இருக்கிறது, காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வருவான், கண் முன்னால் இருப்பான். எதுவும் செய்ய வேண்டியதில்லை, இந்தக் குத்துக்கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாலே போதும். அந்த நினைப்பு வந்தது நிஜம். வந்ததும் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை அழுகிறான், என் வீட்டுக்கு விருந்தாக வந்த உயிர் என் கையால் சாகிறது, இதையா நான் கேட்டேன் ஆத்தா?

"அழுவாதடா! உப்புப் போட்டாப் பொழைச்சிருமா?"

"கல்லுப்பும்மா! பாக்கெட்டுத் தூளுப்பு வேணாம், அதுல வேற மருந்து கலந்திருக்கும். கல்லுப்பு, ஒரு லீட்டருக்கு..."

சிக்னல் போய்விட்டது. யசோதினி போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள், தட்டினாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். "அளவு சொல்லலியே பெரியம்மா! அளவு தெரியாம எப்படி?"

"அளவு எதுக்குடி? நான்தான் நக்கிப் பாத்தேனே!"

பெரியாயி அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று வளைவிலேயே நின்றுவிட்டது. வரும் வழியில் திருவிழாத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். அடுப்படியில் வைத்த தேத்தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பே அணைந்திருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய சட்டியை எடுத்தாள். பீலித் தண்ணீரைப் பிடித்து வரச் சொன்னாள். ஹோர்லிக்ஸ் போத்தலைத் திறந்தாள்.

எத்தனை நத்தையைக் கொன்ற போத்தல் அது! ஒரு கை அள்ளிப் போட்டுக் கையாலேயே கலக்கினாள். உப்புக் கல் கரையச் சுணங்கியது. சட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கரைத்தாள். வெடித்த விரல்கள் காந்தின. காந்தட்டும், இன்னும் காந்த வேண்டும், காலையில் காந்தியது இதைவிட அதிகம். நக்கினாள். கண்ணை மூடினாள். "கம்மி." இன்னும் ஒரு கை. மறுபடி கலக்கினாள். "கம்மி." அவள் கைக்கே கூச்சமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் போடாதே போடாதே என்று தடுத்த கை, ஒரு அண்டாவுக்குப் போடுகிறதை ஒரு சட்டிக்குப் போடத் தயங்கியது. ஆனால் நாக்கு இன்னும் கேட்டது. காலையில் பட்ட அந்த உப்பு நாக்கின் ஓரத்தில் அப்படியே இருந்தது. அது வெறும் கரிப்பு மட்டும் அல்ல, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு வந்து தொண்டையைப் பிடிக்கும். அது வருகிற வரைக்கும் போட வேண்டும். இன்னும் அரைக் கை. கலக்கினாள், நக்கினாள்.

வாசலில் மாடசாமி, யசோதினி, தோரணக்காரர்கள், பிள்ளைகள் எல்லோரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

தொண்டையில் கசப்பு பிடித்தது. அவள் கண்ணைத் திறந்தாள். "சரியா இருக்கு."

நத்தையை எடுத்து அதில் விட்டாள். யசோதினி மோட்டாரைப் போட்டாள், குமிழி வந்தது. முற்றத்தில் கிடந்த கல்லை ஒரு பிள்ளை கழுவப் போக, எல்லோருமாகச் சேர்ந்து "கழுவாதே!" என்று கத்தினார்கள். கல்லை அப்படியே வைத்தார்கள். கதவு திறக்கவில்லை.

பெரியாயி சட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கோயிலில் மேளம் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. கீழே ரோட்டில் ஒரு ஓட்டோ உறுமிக்கொண்டு ஏறி வந்தது. நிமலன் இறங்கிய வேகத்தில் மின்கலப் பையை எங்கே போட்டான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளே வந்தான், அம்மாவைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான். ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தான்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். "அம்மா" என்றான், "இது கடல்."

"கதவத் தொறக்கலியேடா" என்றாள் அவள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் கொன்னுட்டேன்டா."

"இருங்கம்மா. நல்ல தண்ணி பட்டதும் மூடியிருக்கு. அந்தக் கதவு லேசுல ஒண்ணையும் உள்ள விடாது. இருங்க."

இருந்தார்கள். முதலில் பார்த்தது யசோதினியின் இடுப்பிலிருந்த குழந்தைதான். அது கையை நீட்டி ஏதோ மழலையில் சொன்னது. வெள்ளைக் கதவின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. கோடு கொஞ்சம் அகன்றது. நின்றது. மறுபடி அகன்றது. ஒரு கொம்பு, மெலிந்து, மெதுவாக, வெளியே வந்து தண்ணீரைத் தடவியது. பின்னாலேயே இரண்டாவது கொம்பும் வந்தது.

லயம் அதிர்ந்துபோனது. பெண்கள் குலவை போட்டார்கள். கோயிலில் என்னவோ ஏதோ என்று மேளக்காரர்கள் அங்கிருந்தே வாசிக்கத் தொடங்கினார்கள். மாடசாமி தலைவர் என்பதையும் மறந்து, நிமலனைக் கட்டிப்பிடித்து முதுகில் அடி அடியென்று அடித்தார். பெரியாயி எழுந்து நிற்கப் பார்த்தாள், கால் மரத்துப்போயிருந்தது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். நத்தை கல்லில் ஏறி, யாரையும் கவனிக்காமல், விட்ட இடத்திலிருந்து மேயத் தொடங்கியது.

ஆட்கள் கலைந்த பிறகு நிமலன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "நாளைக்கு சாமி வந்து போனதும் கெளம்பணும்மா. இது ரொம்ப நாள் இங்க தாங்காது, குளிரு."

"ம்."

"நான் போகவான்னு கேக்கல. இத விட்டுட்டு வந்துருன்னு சொன்னீங்கன்னா வந்துடுறேன். உங்கள அழவச்சிட்டு எனக்கு அந்த வேல வேணாம்."

அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது ஏறி ஏறி வெளிய வந்துச்சே, எதுக்கு?" என்று கேட்டாள்.

"அது அப்படித்தாம்மா. பாறையிலயும் ஏறி மேல வரும். கொஞ்ச நேரம் இருந்துட்டுத் தானே எறங்கிப் போயிரும்."

அவள் எழுந்து, காலியாகக் கிடந்த நீலக் கானை எடுத்து வைத்தாள். "நானும் வர்றேன்" என்றாள். "உன்ன நம்பி இத பஸ்ல அனுப்ப முடியாது."

திருவிழாவில் அவள் பால்குடம் எடுத்தாள். மகன் மலைக்கு வந்தால்தானே எடுப்பதாக இருந்தீர்கள் என்று யசோதினி கேட்டதற்கு, "அது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள பேச்சு, மாத்திப் பேசிக்கிட்டோம்" என்று வாயை அடைத்துவிட்டாள். இறங்குகிற ஒவ்வொரு தடவையும் பிள்ளை ஏறி வந்துவிட வேண்டும் என்பதுதான் புதிய பேச்சு. அன்னதானத்தில் உப்புப் பார்க்கக் கூப்பிட்டபோது அவள் முதல் தடவையாகத் தப்புச் செய்தாள். சாம்பார் கரித்தது. மாடசாமி மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "கடல் கணக்குல பாத்துட்டா" என்றார்.

பசறை, லுணுகலை, பிபிலை என்று பஸ் இறங்க இறங்க வெயில் ஏறியது. பெரியாயி நீலக் கானை மடியிலிருந்து கீழே வைக்கவேயில்லை. அதில் இருந்தது அவள் கரைத்த கடல்தான். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னதற்கு, "உசுரு இருக்குங்க" என்றாள்.

பாசிக்குடாவில் ஸரூக் கரைக்கே வந்து நின்றார். நரைத்த தாடியும் இடுப்பில் நனைந்த சாரமுமாக இருந்தார். கானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மா, நீங்கதான் உப்புக் கரைச்ச ஆளா?" என்று கேட்டார். அம்மாவை அவர்கள் உம்மா என்பார்கள்.

"ஆமாங்க. எம் புள்ளைய நீங்கதான் எறக்கி விடுறீங்களா?"

"நானும் கூடத்தான் எறங்குவன் உம்மா. தனிய விடமாட்டன்."

கடலை அவள் நிமிர்ந்து பார்த்தாள். டீவியில் கண்டது போல அது எழுந்து நிற்கவில்லை. தேயிலைக்கு மேல் காற்று போகிற மாதிரி ஒரு நெளிவு நெளிந்துவிட்டுக் கிடந்தது. கரையிலேயே இருங்கள் என்றார்கள். மாட்டேன் என்று போட்டில் ஏறி, கானைக் கட்டிக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்தாள். பாறை இருந்த இடத்தில் போட்டை நிறுத்தினார்கள். நிமலன் காற்றுப் போத்தலை முதுகில் மாட்டினான், கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டான், கானிலிருந்து நத்தையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். போட்டின் விளிம்பில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

"கொஞ்சம் இரு" என்றாள்.

முந்தானையில் கையைத் துடைத்தாள். போட்டுக்கு வெளியே குனிந்து உள்ளங்கையில் கடலை அள்ளினாள். நக்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். ஸரூக்கும் போட்டுக்காரனும் என்ன நடக்கிறது என்று புரியாமல், ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றார்கள். தொண்டையில் அந்தக் கசப்பு வந்து பிடித்தது.

"சரியா இருக்கு" என்றாள் பெரியாயி. "போய்ட்டு வாடா."

நிமலன் கண்ணாடியை இறக்கிவிட்டு, நத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தான்.